பொடி நீலமானால்...

"ஐயோ... காணோமே!"

1973. திருப்பதியில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபிலிருந்து அலறல்!

அலறியவள் டெமான்ஸ்ட்ரேட்டர் ஜெயசீலி. பிளாட்டினக் கிண்ணம் இருந்த பீரோ காலி. பீரோ சாவி அவள் இடுப்பில்!

இன்ஸ்பெக்டர் ஞானசிங் விலங்கோடு வந்தார். கெமிஸ்ட்ரியில் அவருக்குத் தெரிந்தது கோலி சோடா மட்டும்.

"சாவி உங்கிட்ட. கிண்ணம் எங்கம்மா?"

"சத்தியமா தெரியாது சார்! மத்தியானம் சாவிய மேஜை மேல வச்சிட்டுத் துன்னப் போனேன்... நாளைக்குச் சித்தூர் சர்ச்சுல எனக்குக் கல்யாண ஓலை படிச்சு சபைக்கே அறிவிக்கறாங்க. நான் ஸ்டேஷன்ல இருந்தா நைனா தாங்க மாட்டாரு சார்!"

பாவம், அழுதே விட்டாள்.

"பக்கத்து ரூம்ல இருந்தது யாரு?"

"நேனே சார்!" சக டெமான்ஸ்ட்ரேட்டர் வெங்கடரமணன் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். "நான் அந்த ரூமை விட்டு நகரவே இல்ல. தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் ஸ்பிரிட்டைக் காய்ச்சி வடிச்சிக்கினே இருந்தேன். இப்ப சொட்டுத் தண்ணி இல்லாம சுத்தமா நூறு!"

ஜெயசீலி சட்டென்று கண்ணைத் துடைத்தாள்.

"சுண்ணாம்பு, பென்சீன்... ஏதாச்சும் சேத்தியா ரமணா?"

"ஒண்ணுமே சேக்கல. வெறும் அடுப்பு, கொஞ்சம் பொறுமை!"

"சார், இந்த வெள்ளைப் பொடி வறுத்த மயில்துத்தம். தண்ணி இருந்தா நீலமாயிடும். அவன் ஸ்பிரிட்டை இதுல ஊத்திப் பாக்கலாமா?"

ஊற்றினார்கள்.

வெள்ளை... வெள்ளை... வெள்ளையேதான்!

வெங்கடரமணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஆளு சொன்னது நெசம்தான். கையை நீட்டும்மா," என்றார் ஞானசிங். விலங்கு திறந்தது.

ஜெயசீலி அவனை விடப் பெரிதாகச் சிரித்தாள்!

"நீலமாயிருந்தாத்தான் சார் நான் மாட்டிக்கினு இருப்பேன்! காய்ச்சி வடிச்சா சாராயமும் தண்ணியும் தொண்ணூத்தாறு வரைக்கும்தான் பிரியும். அதுக்கப்புறம் ரெண்டும் அதே அளவுல சேந்தே ஆவியாகும். சுண்ணாம்போ பென்சீனோ சேக்காம விடிய விடியக் காய்ச்சினாலும் நூறாகாது! இது கடையில வாங்கின சீல் பாட்டில் சரக்கு. இவன் அடுப்பே பத்த வைக்கல! அப்ப மேஜை மேல இருந்த என் சாவிய எடுத்தது யாரு சார்?"

வெங்கடரமணனின் கை தன் டிபன் கேரியரை நோக்கிப் போனது...

ஞானசிங்கின் கை முந்திக் கொண்டது!

தயிர் சாதத்துக்குள்ளிருந்து பிளாட்டினக் கிண்ணம் எட்டிப் பார்த்தது.

க்ளிக்! விலங்கு சரியான கையில் பூட்டிக் கொண்டது.

"தொண்ணூத்தஞ்சோட நிறுத்தியிருந்தா தப்பிச்சிருப்பியே தம்பி... நூத்துக்கு நூறு வாங்கி ஜெயிலுக்குப் போற முதல் ஆளு நீதான்யா!"