ஆறாத சாம்பல்

இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. பகலெல்லாம் சப்பான்காரனுக்காக ரப்பர் மரங்களைச் சாய்த்து, அந்த இடத்தில் மரவள்ளிக் குச்சி ஊன்றிவிட்டு வந்த இராசாத்தி, கூலிகளின் லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த கீரைப் பாத்தியில் குனிந்தாள். செடியெல்லாம் வெயில் இருந்த மேற்குப் பக்கம் போகாமல், அவள் வீட்டுக் கதவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

ஓடிப்போன துரையின் பங்களா வாசலில் அழகுக்கு நின்ற செங்கீரையில் உருவிய விதை. ரமணிக்காகத்தான். புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனபின் அவளுக்கு மிஞ்சியது அந்த ஐந்து வயசுப் பெண் ஒன்றுதான். மரவள்ளியையே தின்று கால் வீங்கிப் படுத்துவிட்டது. பச்சையாக ஏதாவது உள்ளே போகாவிட்டால் பிழைக்காது என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார்.

கீரை தின்றதும் வீக்கம் வடிந்தது. நேற்று அறுத்த தண்டு, இன்று முழங்கால் உயரம்.

பக்கத்து வீட்டுக் குணவதி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி, பாத்தியில பன்னி ரத்தமா ஊத்துற? என் கீரை ஒரு சாண்கூட ஏறலயே!"

"விதைய சாம்பல்ல கலந்து தூவுனேன்க்கா."

"சவுக்காரம் இல்லாம துணி வெளுக்கவே அடுப்புச் சாம்பல் பத்தல. உனக்கு மட்டும் ஏது?"

இராசாத்தி மண்ணைப் பார்த்தாள்.

குணவதியின் சிரிப்பு நின்றது. "ஆத்தோரம் போனியா? கடைசி வீட்டு அம்மாசியை எரிச்ச எடத்துக்கா? பாவி... பேதியில செத்தவன்னு பயந்து, மறுநாள் காடாத்தி, பால் ஊத்தி அந்தச் சூட்டைத் தணிக்கக்கூட ஒருத்தரும் போகலையேடி!"

குணவதி தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

பொழுது இறங்கியது. மிச்சமிருந்த ரப்பர் மரங்களில் காய் வெடித்துக் கொட்டைகள் சருகில் விழும் சத்தத்துக்கு நடுவே, ஆற்றுப் பக்கமிருந்து ஈரச் சாம்பல் வாடையும் அதற்குள்ளே முடி கருகின வாடையும் மெல்ல ஏறி வந்து அவள் சேலையில் ஒட்டிக்கொண்டன. இல்லை, ஆற்றுப் பக்கமிருந்து இல்லை. காலடியிலிருந்து.

வீட்டுக்குள் ஓடினாள். பாய் காலி.

பின்னால் மெல்லுகிற சத்தம்.

பாத்தி நடுவில் ரமணி. மண்டியிட்டு. கை வைக்காமல், மாடு மாதிரி வாயாலேயே பிடுங்கித் தின்றாள். தாடையெல்லாம் சிவப்பு.

"ரமணி... உள்ள வாம்மா."

பிள்ளை திரும்பியது. வாயைத் திறந்ததும் புகை வந்தது.

"எரியுது, இராசாத்தி."

கரகரத்த ஆம்பளைக் குரல். தோளைத் தொட்டாள். கை பொசுங்கியது. செடிகள் இப்போது பிள்ளையைப் பார்த்துச் சாய்ந்தன. எல்லாம்.

"பாலை ஊத்து."

எஸ்டேட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. மாட்டையெல்லாம் பட்டாளத்தான் அடித்துத் தின்றாயிற்று.

பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. தொண்டைக்குள் கங்கு கனன்றது.

அம்மாசிக்கு ஊற்ற வேண்டிய ஒரு சொம்புப் பால் இன்னும் பாக்கி.