கதவில் பூசிய கஞ்சி

பிள்ளைகள் அறைக் கதவில் மதியம் பூசிய கஞ்சியைக் காணவில்லை. வாசல் கதவில் இருந்தது, பால்கனிக் கண்ணாடியில் இருந்தது, குளியலறை நிலையில்கூடக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இந்த ஒரு கதவு மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. மிரான் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

"யாருடி இத நக்குனது?"

சாப்பாட்டு மேசையில் காலாட்டிக்கொண்டிருந்த ஆறு வயது போமி, "நாங்க இல்லம்மா" என்றாள். நாலு வயது சோல் அக்காவைப் பார்த்துத் தானும் தலையாட்டினான்.

"பின்ன, கதவு தன்னையே நக்கிக்கிச்சா?"

கோபம் அவளுக்கு இன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. வருஷத்திலேயே நீண்ட இரவான தோங்ஜிக்கு முதல்நாள், நேற்று, நாத்தனார் மால்சுன் ஜோஞ்சுவிலிருந்து போன் செய்து மூட்டிய அடுப்பு அது.

"இந்த வருஷம் குட்டித் தோங்ஜி. அமாவாசை முடிஞ்சு மாசம் பொறந்ததுமே வந்துடுச்சு. சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்ல செவப்புக் கஞ்சி வெக்கக் கூடாது. பயறு போட்டு அரிசிமாவை அவிச்சுக் குடு, போதும். உங்க வீட்ல இதெல்லாம் எங்க சொல்லிக் குடுத்திருக்கப் போறாங்க!"

அந்தக் கடைசி வாக்கியம். கல்யாணமான நாளிலிருந்து காது புளித்துப்போன வாக்கியம். புருஷன் தோக்சுவிடம் பொருமினால், "அக்கா சொன்னா கேட்டுட்டுப் போயேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். சீக்கிரம் வருகிறேன் என்றான். தோங்ஜி அன்றைக்கு எந்த வருஷம் வந்தான்?

சிவப்புக் கஞ்சி வைத்தே தீருவது என்று முடிவு செய்தாள். இன்று காலை சிவப்புப் பயற்றை வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டி, மசித்து, வடிகட்டி, அது கொப்பளித்து மணிக்கட்டில் தெறிக்கத் தெறிக்கக் கிண்டினாள். வீடெல்லாம் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது. பிறகு, சிவப்பு பேயை அண்டவிடாது என்ற வழக்கப்படி, கரண்டியும் கையுமாக நின்று நாத்தனாரின் முகத்தில் அப்புவதுபோல ஒவ்வொரு கதவிலும் அப்பினாள். வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் இரண்டு மடங்கு. அதிலும் கோபம் ஆறாமல் பிள்ளைகளின் கன்னத்திலும் பூசிப் படம் எடுத்து, 'எந்தப் பேய் வருதுன்னு பாக்கறேன், அண்ணி' என்று எழுதி அனுப்பினாள்.

ஆறு மணிக்கே வெளியே கும்மிருட்டு. கிண்ணங்களில் கஞ்சியை ஊற்றி, வயதுக்கு ஒன்றாக அரிசிமாவு உருண்டைகளைப் போட்டாள். போமிக்கு ஆறு, சோலுக்கு நாலு. போமி எழுந்துபோய் மூன்றாவதாக ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பாவுக்கா? வந்தப்புறம் போட்டுக்கலாம்."

"இல்லம்மா, அவளுக்கு."

"எவளுக்கு?"

"எங்க ரூம்ல இருக்கறவளுக்கு. வெளிய போக முடியலையாம். நீ எல்லாத்தையும் அடைச்சிட்டியாம்."

குழந்தை விளையாட்டு என்று மிரான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "சரி, அவளுக்கு எத்தன வயசு? எத்தன உருண்ட போடறது?"

"அவளுக்கு வயசே இல்லம்மா. எவ்வளவு போட்டாலும் சாப்பிடுவா."

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனை பால் குடிப்பது போல, ஆனால் அகலமான நாக்கு. கதவின் உள்பக்கத்தில், மேலே, நிலைக்கருகே தொடங்கி நிதானமாகக் கீழே இறங்கி வந்தது.

போன் அடித்தது. மால்சுன். குரலில் வழக்கமான இளக்காரம் இல்லை.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க! அந்தச் செவப்புக் கஞ்சி பேய மட்டுமா தடுக்கும்? புள்ளைங்களக் காக்குற சம்சின் சாமியும் உள்ள வர முடியாதுடி!"

"பேயும் வராதுல்ல அண்ணி?"

"வெளிய இருக்கறது வராது. ஏற்கெனவே உள்ள இருக்கறத என்ன பண்ணுவ?"

போன் கையிலிருந்து நழுவியது. மிரான் சோலைத் தூக்கினாள். வரவில்லை. நாற்காலியோடு சேர்த்து யாரோ பிடித்து அழுத்தியிருப்பதுபோல அவன் அசையவே இல்லை. போமியின் கையை இழுத்தாள். அதுவும் அப்படியே.

அப்போதுதான் வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. மெல்ல. பொறுமையாக. கூடவே குழந்தையைத் தூங்கவைக்கும் முனகல் போல ஒன்று.

யாரென்று கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

ஓடினாள். கதவில் கஞ்சி ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். நகம் பிய்ந்தது. "இருங்க, போயிடாதீங்க, துடைச்சிட்டேன், இதோ!" வாய்விட்டு அழுதாள். நாத்தனாரைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், தன் திமிரைத் திட்டினாள். உள்பக்கம் சுத்தமானது. கதவைத் திறந்தாள்.

நடைபாதை விளக்கு பளிச்சென்று எரிந்தது. யாரும் இல்லை. கதவின் வெளிப்பக்கத்தில் கஞ்சி தடிப்பாக, இரண்டு மடங்காக, அப்படியே இருந்தது. முனகல் மாடிப்படியில் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

"அம்மா."

திரும்பினாள்.

பிள்ளைகள் அறைக் கதவு திறந்திருந்தது. மூன்று கிண்ணங்களும் பளபளவென்று காலி. சோலின் நாற்காலியில் அவன் சட்டை இருந்தது. அதன் கீழே காலுறைகள் இரண்டு. வேறு எதுவும் இல்லை.

போமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் மிரான் பூசிய சிவப்பு, நெற்றியோரத்திலிருந்து தாடையை நோக்கி, ஈரமாக, மெதுவாக அழிந்துகொண்டே வந்தது.

சிவப்பு போன இடத்தில் கன்னமும் இல்லை.

"அவளுக்கு இன்னும் பசிக்குதாம்மா" என்றாள் போமி, மீதி வாயால்.