எண்பத்து நான்காம் தாள்

நோட்டில் இருநூற்றுப் பதினோரு தாள்கள். மத்தியானம் கலைமணி அதில் ஒன்றை பிளேடால் அறுத்து எடுத்திருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஸ்கேன் செய்து முடித்த படங்களைக் கணினி இருநூற்றுப் பதினொன்று என்றே காட்டியது.

இரண்டாம் முறை எண்ணினாள். தான் எண்ணியதைத் தானே நம்பாதது அவள் வழக்கம். அதே எண்.

நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையின் அலமாரிக் கண்ணாடிகளில் மாலை வெயில் மஞ்சளாகத் தேங்கி நிற்க, நெடுஞ்சாலை லாரிகளின் அதிர்வு மேசைக்கால் வழியே அவள் முழங்காலுக்கு ஏற, பழைய தாள்களின் புளித்த வாசத்துக்குள் இன்னொரு வாசம், இறைக்காமல் விட்ட கிணற்றின் பாசி வாசம், கலந்து வருவதைச் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

அது ஒரு பஞ்ச வருடத்து வாக்குமூல நோட்டு, புதுச்சத்திரம் பக்கத்திலுள்ள அவள் ஊருடையது. எண்பத்து நான்காம் தாளில் பெருமாயி என்ற கூலிப்பெண் சொல்லியிருந்தாள்: பண்ணைக்காரர் சுப்பையன் வாளியையும் கயிற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். தாகத்தில் கிணற்றில் இறங்கிய என் மகள் மேலே வரவில்லை. அடியில் கைரேகை.

சுப்பையன், கலைமணியுடைய அப்பாவின் அப்பாரு; அவளுக்குக் கொள்ளுத்தாத்தா. வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க் குழாயடியில் அவர் பெயரில் கல்வெட்டுத் திறக்கிறார்கள்.

"பஞ்சத்துல ஊருக்கே தண்ணி குடுத்த மனுசன் சாமி," என்று அப்பா கந்தவேல் காலையிலும் சொன்னார்.

யாரும் அவளை அறுக்கச் சொல்லவில்லை. அதுதான் உடம்பைக் கூசவைத்தது. தாள் அவள் சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

எண்பத்து நான்காம் படத்தைத் திறந்தாள். அதே தாள். ரேகை மட்டும் ஈரமாக, கறுப்பாக மினுங்கியது. பைக்குள் கைவிட்டாள். தாள் நனைந்து கூழாகியிருந்தது. தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருந்தது. மூடியபடி.

நூலகர் தெய்வநாயகி சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"ஒண்ணும் உட்டுப்போகலையே கண்ணு? உன்னைய நம்பித்தான் கையெழுத்துப் போடறேன்."

சொல்லிவிடலாம். வாய்கூடத் திறந்தது.

"எல்லாம் இருக்குதுங்க மேடம்."

தெய்வநாயகி அறையைப் பூட்டிவிட்டு முன்னால் நடந்தார். அவர் முகத்தைக் கலைமணி பார்க்கவில்லை.

வராந்தாச் சுவரில் வருகைப் பதிவு இயந்திரம். கட்டைவிரல் சில்லிட்டிருந்தது. துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி ஈரம். துடைத்தாள். ஈரம்.

வைத்தாள்.

பச்சை விளக்கு.

பெருமாயி.

திரையில் பெயருக்குக் கீழே வழக்கமாக 'வெளியேற்றம்' என்று வரும்.

வருகை. மாலை 6.02.

பின்னால், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கயிறு இறுகி முனகியது. சின்னப் பாதங்கள். ஈரமான பாதங்கள். கல்லில் ஒவ்வொன்றாக ஊன்றி, மேலே வந்துகொண்டிருந்தன.