கழிக்கப்பட்ட துடிப்புகள்

மகள் கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது பிச்சாண்டி மூன்று இதயத் துடிப்பளவிகளை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஒரு மார்வார். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவைகூட இன்னும் எடுத்தாகவில்லை.

"இதுல எது நிஜம் பேசுதுன்னு பார்த்துடறேன்," என்றார் மனைவி லோகாம்பாளிடம்.

"ஊரே கையில கட்டியிருக்கறதையே கட்டுங்களேன்."

"ஊரே தப்பு எடைக்கல் வெச்சிருந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க."

முப்பத்தோரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். அவர் முத்திரை குத்திய தராசை எமனே வந்தாலும் ஆட்ட முடியாது என்பது திருவண்ணாமலைக் கடைத்தெருவில் பழகிப்போன பேச்சு. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

அவருடைய கவலையும் நியாயமானதுதான். சமன் சட்டம் வந்த பிறகு பந்தியில் உட்காருகிறவருக்கு, உடற்பயிற்சியில் எரித்த கலோரிக்குத்தான் சாப்பாடு. வாழை இலைக்கு அடியில் இருக்கும் இலைப்பலகை துடிப்பளவியைப் படித்து, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பச்சையோ சிவப்போ காட்டும். சிவந்தால் பரிமாறுகிறவர் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விடுவார். பாயசம் கடைசியில் வருவதால் சிவக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கேதான் சிவக்கும். மற்றவர்களுக்குச் சிவந்தால் கேலியோடு போகும். பெண்ணைப் பெற்றவர் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் பாயசம் குடிக்காமல் எழுந்தால், சம்பந்தத்தில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேசும்.

பிச்சாண்டி மூன்றையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு மாடிப்படியில் பன்னிரண்டு முறை ஏறி இறங்கினார். கழுத்தில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். நூற்றுப் பதினெட்டு. ஒரு பட்டை நூற்று முப்பத்தொன்று என்றது, இன்னொன்று நூற்று நாற்பது. தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைக் குத்துமதிப்பாகப் பார்க்கும் கருவிகள் அவை. வேர்த்தால் குழம்பும், பட்டை தளர்ந்தால் உளறும். மார்வார் இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் பிடிக்கும். அது சரியாக நூற்றுப் பதினெட்டு காட்டியது. கூடவே உடம்பின் அசைவையும் அளந்து, பயத்தாலோ சந்தோஷத்தாலோ எகிறும் துடிப்பைப் பயிற்சியில் சேர்க்காமல் கழித்துவிடும்.

"இதுதான் தராசு," என்று பட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாற்பது நாளும் மார்வாரைக் கழற்றவில்லை; விடியற்காலையில் ஓடினார். கல்யாணத்தன்று மகள் தேன்மொழி கழுத்தில் தாலி ஏறியபோது மட்டும் அசையாமல் நின்றார். நெஞ்சு மேளத்துக்கு மேல் அடித்தது. அழவில்லை. லோகாம்பாள் இருவருக்கும் சேர்த்து அழுதாள்.

பந்தியில் லோகாம்பாள் இலைக்குப் பாயசம் பச்சை. அவள் ஓடியதே இல்லை; விம்மி அழுததை மணிக்கட்டுப் பட்டை ஓட்டம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பட்டை கட்டியவர்கள் இலையெல்லாம் பச்சை. நாற்பது நாள் ஓடியும், கூட்டிச் சொல்லாத மார்வாரோடு வந்த பிச்சாண்டியின் இலை சிவந்தது.

சம்பந்தி அருணகிரியின் முகம் சுண்டிவிட்டது. "எங்ககூட உக்காந்து பாயசம் குடிக்க வேண்டாமா சம்பந்தி?"

பிச்சாண்டி பலகையின் ஓரத் திரையில் ஓடிய எழுத்தைப் படித்தார்: எரிப்பு போதாது. தாலிகட்டு நேரத் துடிப்பு 148. அசைவு பூஜ்யம். கழிக்கப்பட்டது.

அவமானத்தில் காது சுட்டாலும் ஆய்வாளர் மூளை வேலை செய்தது. டின்னின் எடை தெரியாமல் எண்ணெயின் எடையைக் கழித்து எடுக்க முடியாது. "கழிச்சதையெல்லாம் எங்க வெச்சிருக்கே? காட்டு," என்றார் அதட்டலாக.

பலகை காட்டியது. கழிக்கப்பட்ட ஒவ்வொரு துடிப்பும் நாளோடும் நேரத்தோடும் இருந்தது. அன்று காலை, தாலிகட்டு நேரத்தில், ஒரு கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.

அருணகிரி குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. "கல்லு மாதிரி நின்னீங்களே சம்பந்தி, நான் என்னமோ நெனச்சுட்டேன்," என்று தன் பாயச டம்ளரை நகர்த்தி வைத்தார். அடுத்தவர் கணக்கில் வந்த பாயசத்தைப் பலகையால் தடுக்க முடியாது. பிச்சாண்டி ஒரே மூச்சில் குடித்தார். கௌரவம் தப்பியது.

"பார்த்தியா லோகா? சரியான கருவி யாரையும் கைவிடாது."

லோகாம்பாள் அவர் பலகையின் திரையைத் தன் பக்கம் திருப்பி, பட்டியலைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். "தினம் காலையில எட்டு மணிக்கு ஒரு ஏத்தம் இருக்கே. அது என்னங்க?"

எட்டு மணிக்கு அவள் டிபன் கொண்டுவருவாள். பிச்சாண்டி சம்பந்தியை ஒருமுறை பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார்.

"அது நீ உள்ள வர்ற நேரம்டி."

பந்தியே ஆரவாரித்தது. லோகாம்பாளின் கன்னம் சிவந்தது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. ஆனால் விரல் மட்டும் நிற்காமல் பட்டியலைத் தள்ளியது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றது.

"அன்னைக்கு நான் பத்திரிகை வைக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆரணியில இருந்தேன்."

பிச்சாண்டி காலி டம்ளரைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கும் எட்டு மணிக்கு ஏறியிருக்கு. மத்த நாளைவிட உசரமா."

"மெஸ்ல இருந்து... நெய்ப் பொங்கல் வந்துச்சு," என்றார் அவர். முத்திரை குத்திய நாட்களில் அவர் பொய் சொன்னதே இல்லை; இப்போது சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றப் பழக்கம் போதவில்லை.

மார்வார் இன்னும் அவர் நெஞ்சில்தான் இருந்தது. பலகையில் எண் ஏறத் தொடங்கியது. தொண்ணூற்றாறு. நூற்றெட்டு. நூற்று இருபது.

"அசைவு பூஜ்யம்," என்று லோகாம்பாள் சத்தமாகப் படித்தாள்.