முகுந்தனின் இரத்தம்

கொதிநீர்த் தொட்டியில் வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ஓரத்துச் சோதனைக்குழாய் மட்டும் செம்பருத்திபோலச் சிவந்துவிட்டது.

ஷர்மினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே செம்பனைத் தோட்டத்தின்மேல் பகல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, குளிர்பெட்டி இரைந்தது, ஆய்வகம் முழுக்கப் புளித்த அமில வாடை. கொழுப்பு கெடும்போது உண்டாகும் மலோன்டையால்டிஹைடைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. நல்ல இரத்தம் வெளிறிய ரோஜா நிறம் காட்டும். கெடக் கெடச் சிவப்பு ஏறும்.

மூத்த ஆய்வாளர் தேவதாஸ் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மீன் சாம்பிளா? செத்து ரொம்ப நாளாயிருக்கும் போல."

"இல்ல சார். மனுஷ ரத்தம். இன்னிக்குக் காலைல எடுத்தது."

"வெளாடாதலா. உயிரோட இருக்கிற ஆளுக்கு இப்படி வராது. மறுபடி போடு."

மறுபடி போட்டாள். அதே சிவப்பு.

அது அவள் கணவன் முகுந்தனின் இரத்தம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவருடையது தேவைப்பட்டது, அவனிடம் எடுத்தாள். ஊசி இறங்கியபோது அவன் முகம் சுளிக்கவில்லை. சுங்கை செம்பிலாங் கடலில் படகு கவிழ்ந்து, மறுநாள் ஈரச் சட்டையோடு தானாகவே வீட்டுக்கு நடந்து வந்ததிலிருந்து அப்படித்தான். பேச்சில்லை. சோற்றைத் தொடுவதில்லை. படகில் கூடப் போன நண்பன் சேது இன்னும் கிடைக்கவில்லை. அதிர்ச்சி, சரியாகிவிடும் என்றார்கள். அழுது ஓய்ந்தவளுக்கு நம்புவது சுலபமாக இருந்தது.

இன்று பள்ளி விடுமுறை. மகள் நித்தியா அவனோடு வீட்டில் இருக்கிறாள்.

அது அப்போதுதான் உறைத்தது. விரல்கள் தானாக வீட்டுக்குப் போன் போட்டன.

"ம்மா, அப்பா பேசிட்டாங்க!"

"என்ன சொன்னாங்க?"

"குளிருதாம். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கச் சொன்னாங்க."

"நித்தி, வெளிய ஓடு. பக்கத்து வீட்டுக்குப் போ."

போனை வைக்கும் சத்தம் கேட்கவில்லை. மூச்சும் கேட்கவில்லை.

காரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மழை. சிவப்பு விளக்கு. மழை.

கதவு திறந்தே கிடந்தது. ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. சோபாவில் முகுந்தன். மடியில் நித்தியா.

"நித்தி. இங்க வா."

பிள்ளை திரும்பினாள். உதடு நீலம். நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

சிரித்தாள்.

"நீங்களும் வாங்கம்மா."

திரும்பி வெளியே மழையை ஒருமுறை பார்த்தாள். பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது?

ஷர்மினி செருப்பைக் கழற்றினாள்.

முகுந்தன் மெல்ல நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டான்.