இயல்பொலி

வம்சப்படம் பாதியில் நின்றுபோன வீட்டில் அதன்பிறகு யாரும் பெண் எடுக்க வருவதில்லை. போன தை மாதம் நாச்சிமுத்துவின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் அதுதான் நடந்தது. பழைய புகைப்படங்களையும் குரல்பதிவுகளையும் உயிர்ப்பித்து நான்கு தலைமுறையைத் திரையில் நடமாட விடும் அந்தப் படத்தை மாப்பிள்ளை வீட்டார் பார்த்து முடித்த பிறகே தாம்பூலத் தட்டு மாற்றுவது இப்போது கொங்கு நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. தம்பியோ திரைக்கு ஒன்று, ஒலித்தூண்களுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, மணம்பரப்பிக்கு ஒன்று என்று மடி நிறைய ரிமோட்டுகளை வைத்துக்கொண்டு தடுமாறினார். ஊருக்குக் கிணறு தானம் செய்த கொள்ளுத்தாத்தா ஊமையாக வாயசைத்தார். மணம்பரப்பி மட்டும் மாட்டுத்தொழுவ வாசனையை அறை முழுக்க அடித்தது. வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் தட்டு எங்கே மாறும்?

தன் வீட்டில் அப்படி நடக்க நாச்சிமுத்து விடமாட்டார். மகள் இளவெயினியைப் பார்க்க வெள்ளக்கோவில் பழனிவேல் குடும்பம் வருகிறது என்றதும், எல்லாவற்றையும் ஒரே கையில் ஆளும் பொதுக்கருவி வாங்க ஈரோட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"இது உங்க பேச்சைக் கேட்டு நடக்குமுங்க. 'திரையைப் போடு'ன்னு சொன்னாப் போதும்," என்றார் கடைக்காரர்.

"வேலை வாங்கற சாமான்கிட்ட நான் எதுக்குப் பேசோணும்? அடுத்ததைக் காட்டுங்க."

"இது கைபேசியிலயே ஏறிக்குமுங்க. வீட்டுல எல்லாரும் வச்சுக்கலாம்."

"எல்லாரும் வச்சுக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கருங்காலி நிறத்தில், கைக்குக் கனமாக, அழுத்தினால் விரலுக்குத் தெரியும் நிஜப் பொத்தான்களோடு இருந்தது. பெயர் ஓராணை.

"ஒருத்தர் கைரேகைக்குத்தான் இது படியுமுங்க. சத்தம் கூட்டிக் குறைக்கற சாமான் வீட்டுல எது இருந்தாலும் தானே தேடிப் புடிச்சு வரிசையில சேர்த்துக்கும். நாளைக்கு ஆள் அனுப்பறேன், வந்து பழக்கிக் குடுத்துருவான்."

"எங்க வீட்டுத் திரையில வெளியாள் கை பட்டதில்லீங்க. நானே பழக்கிக்கறேன்."

மறுநாள் காலையில் இல்லத் திரையரங்கின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ரிமோட்டை ஓராணைக்கு எதிரே முகத்துக்கு முகம் வைத்து, பழையதில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். புதியது அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு ஒரு முறை பச்சையாகச் சிமிட்டும். ஒவ்வொரு பொத்தானாகப் பழக்கினார். கடைசியில் ஓராணை தானே அறையைத் துழாவி, கண்டுபிடித்தவற்றைத் தன் சிறு திரையில் காட்டியது. பெருந்திரை. ஒலித்தூண்கள். திரைச்சீலை. விளக்கு. மணம்பரப்பி. செவிப்பொறி ஒன்று.

ஒலித்தூண்களோடு வந்த ஏதோ ஒரு உறுப்பாக இருக்கும் என்று நினைத்து அதையும் சேர்த்தார்.

'காட்சி' என்ற ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒன்றாக இயங்கும்படி அமைத்து முடித்தபோது, ஓராணை கேட்டது: 'காட்சியின்போது எல்லாச் சாதனங்களிலும் இதமாக்கலை நீக்கி இயல்பொலி தரவா?'

இதமாக்கல் என்றால் ஒலியை வடிகட்டி மென்மையாக்குவது என்பது அவருக்குத் தெரியும். தன் தாத்தாவின் குரலை வடிகட்டிக் கொடுக்க இது யார்? 'ஆம்' என்று அழுத்தினார்.

வெளியே வந்ததும் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, "அம்மிணி, இன்னிக்குச் சாயங்காலம் தட்டு மாத்தறோம். சம்மதந்தானே?" என்றார்.

"உங்க இஷ்டமுங்ப்பா," என்றது இளவெயினியின் குரல்.

"நல்ல புள்ள," என்றார் தாளிலிருந்து தலை தூக்காமலே. பேசுபவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மற்றவர்கள்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

மாலையில் பழனிவேல் தன் மனைவி மரகதத்தோடும் மகன் கதிரவனோடும் வந்தார். அவரும் நாச்சிமுத்துவைப் போலவே நிமிர்ந்த முதுகும் வெள்ளை வேட்டியுமாக இருந்தார். இரண்டு பெரியவர்களும் முன்வரிசையில் அமர்ந்தார்கள். பெண்களும் கதிரவனும் பின்னால் அமர்ந்தார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது.

"நம்ம வீட்டுல எதிர்ப்பேச்சுங்கறதே கிடையாதுங்க," என்றார் நாச்சிமுத்து. "ஒரு வார்த்தை சொன்னா அதுதான்."

"எங்க வீட்லயும் அப்பிடித்தானுங்க," என்றார் பழனிவேல்.

நாச்சிமுத்து 'காட்சி'யை அழுத்தினார்.

ஜன்னல் திரைச்சீலை மூடிக்கொண்டது, விளக்கு தாழ்ந்தது, மஞ்சள் தோட்டத்து மணம் எழுந்தது, கொள்ளுத்தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். என்ன துல்லியம். நாற்காலி முனகுவதும் மரகதத்தின் வளையல் உரசுவதும் கூடக் கேட்டது. நாச்சிமுத்துவின் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது பின்னாலிருந்து மனைவி கோகிலா மகளிடம் முணுமுணுப்பது தெளிவாகக் கேட்டது. "கடவுளே, இந்தக் கிணத்துக் கதையை இன்னும் எத்தனை தடவை பாக்கறது. கிணறு குடுத்தாராம். பொறம்போக்குல தோண்டுன கிணறு."

இத்தனை வருடத்தில் கோகிலா அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

"அம்மா, தட்டை எடுத்தாங்கன்னா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்," என்றது மகளின் குரல். "எனக்கு இது வேண்டாம். காலைல கூட மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன்."

நாச்சிமுத்து படத்தை நிறுத்தினார். கொள்ளுத்தாத்தா கையைத் தூக்கியபடி நின்றார்.

"என்ன சொன்னே?"

திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். அது அவர் நினைத்து வைத்திருந்த முகமாக இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வேண்டாம்னேன். எத்தனை தடவைதான் சொல்றது? நான் வேண்டாம்னா நீங்க நல்ல புள்ளைங்கறீங்க. இவ்வளவு கல்நெஞ்சு இருக்கும்னு நான் நினைக்கலீங்ப்பா."

"நீ 'உங்க இஷ்டம்'னல்ல சொன்னே?"

"எப்பச் சொன்னேன்?"

கோகிலா எழுந்துவிட்டாள். அவள் பார்வை அவர் கையிலிருந்த ஓராணையின் சிறு திரையில் இருந்தது. 'செவிப்பொறி ஒன்று: இயல்பொலி' என்று அது ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் கை தன்னையறியாமல் தன் காதுக்குப் போயிற்று. அதைப் பார்த்ததும் நாச்சிமுத்துவின் கையும் தன் காதுக்குப் போனது.

மூன்று வருடத்துக்கு முன் இதயச் சிகிச்சை முடிந்தபோது, காது மந்தமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே ஒரு சிறு பொறியைப் பொருத்தியிருந்தார்கள்.

"ஏனுங்க, உக்காருங்க. பதறாதீங்க," என்றாள் கோகிலா. "டாக்டர்தான் சொன்னாரு. உங்க மனசுக்குப் பொறுக்காத பேச்சு எதுவா இருந்தாலும் அந்தப் பொறி மாத்திரும். அதே ஆள் குரல்ல, நீங்க கேக்க நினைக்கறதைச் சொல்லிரும். கோபம் வந்தா நெஞ்சு நின்னுரும்னாங்க. நான் என்ன பண்றது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா," என்றாள் இளவெயினி. "அப்ப இத்தனை நாள் நான் யார்கிட்டப் பேசிட்டிருந்தேன்?"

"குடும்பத்துப் பெரியவர் காதுல வடிகட்டி இருக்குதுன்னு வெளிய தெரிஞ்சா கௌரவம் என்னாகும் கண்ணு?"

நாச்சிமுத்து உட்காரவில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டில் கேட்ட ஒவ்வொரு 'சரிங்க'வும் அவருக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்துகொண்டிருந்தது. கோயில் கூட்டத்தில் தன் சொல்லை எல்லாரும் ஏற்றது. 'உங்களுக்கப்புறந்தான் எங்களுக்கு' என்று தம்பி சொன்னது. அவற்றில் எது மனிதர் சொன்னது, எது பொறி சொன்னது? நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. அதுவே அவருக்கு இன்னொரு அதிர்ச்சியாக இருந்தது.

விருந்தாளிகள் முன்னால் எல்லாம் கொட்டிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. பழனிவேலுக்கு நேராகத் திரும்பி, கைகூப்பினார்.

"மன்னிக்கோணும். எம் பொண்ணுக்கு இதுல சம்மதமில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க."

பழனிவேல் முகம் மலர்ந்தது. "ரொம்பச் சந்தோஷமுங்க சம்பந்தி. நல்ல நேரத்துலயே சொன்னீங்க. தட்டை மாத்திக்குவோம்."

இவ்வளவு ரகளைக்கும் இந்த மனிதர் புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தது நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் ஓராணை மெல்ல அதிர்ந்தது. 'புதிய சாதனம் கிடைத்தது. செவிப்பொறி இரண்டு. சேர்க்கவா?'

அது ஒளிர்ந்ததைப் பார்த்ததும் மரகதம் கைகூப்பியபடி எழுந்தாள். "வேண்டாமுங்க, அண்ணா. அவருக்கும் இருதயந்தான்."

சற்றுமுன் கோகிலா சொன்ன அதே காரணம். கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. தனக்கு மூன்று வருடமாகச் செய்யப்பட்டதை இன்னொரு கௌரவமான மனிதருக்கும் செய்துகொண்டு நிற்கலாமா? அழுத்தினார்.

"பழனிவேல், இந்தக் கல்யாணம் வேண்டாம்னேன்," என்று மறுபடி சொன்னார்.

பழனிவேலின் புன்னகை அப்படியே நின்றது, யாரோ படத்தை நிறுத்தியதுபோல. மனைவியைப் பார்த்தார். அவள் தலைகுனிந்தாள்.

"நானும் வேண்டாம்னுதானுங்ப்பா சொன்னேன்," என்றான் கதிரவன் மெதுவாக. "பொண்ணைப் பத்திக் குறையில்ல. பெங்களூருல என்கூட வேலை பாக்கற பொண்ணைப் பத்திப் போன வருசமே சொன்னேன். நீங்க என் முதுகுல தட்டிக் குடுத்தீங்க."

இந்தச் சம்பந்தத்துக்கு மனப்பூர்வமாகச் சம்மதித்தவர்கள் முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் மட்டுந்தான்.

பழனிவேல் வெகுநேரம் மகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தன் தொடைமேல் கிடந்த கைகளைப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவிடம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"என்னை முன்ன மாதிரியே வச்சுடுங்க."

"தெரிஞ்சேவா கேக்கறீங்க?"

"தெரிஞ்சதனாலதான் கேக்கறேன். இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாங்களோ. எனக்கு அந்தத் தெம்பு இல்லீங்க."

ஓராணை ஒருவர் கைரேகைக்குத்தான் படியும். நாச்சிமுத்துவே அதைச் செய்ய வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தியதும் பழனிவேல் நாற்காலியில் சாய்ந்து, "படத்தைப் போடுங்க சம்பந்தி. கிணறு குடுக்கற இடம் நல்லா இருந்துச்சு," என்றார்.

இனி அவரிடம் எதைச் சொல்லியும் பயனில்லை. நாச்சிமுத்து குனிந்து, தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து, அவர்கள் கொண்டுவந்த வெற்றிலை பாக்கு மஞ்சள் பூ எதுவும் சிந்தாமல், பழனிவேலின் மடியில் திருப்பி வைத்தார். வந்த தட்டு மாறாமல் மடிக்குத் திரும்பினால் என்ன அர்த்தம் என்பது கொங்கு நாட்டில் குழந்தைக்கும் தெரியும்.

பழனிவேல் தட்டைப் பார்த்தார். உதட்டில் புன்னகை இருந்தது. கண்ணில் நீர் கட்டியிருந்தது.

மரகதம் கோகிலாவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். அறையின் மறுகோடியில் நின்ற நாச்சிமுத்துவுக்கு ஒவ்வொரு சொல்லும் சுத்தமாகக் கேட்டது.

"கண்ணுக்கும் ஒண்ணு வந்திருக்குதாமுங்க, அக்கா. பாக்கப் பொறுக்காததை மாத்திக் காட்டுமாம். இவருக்குப் போட்டுடலாம்னு இருக்கறேன்."

கோகிலா கணவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டாள்:

"எந்த ஆஸ்பத்திரியிலீங்க?"