வலப்பக்கத்து ஈரம்

ரயில் நிலையத்திலிருந்து வந்த ரிக்‌ஷா காஜிமார் தெருவுக்குப் பின்னாலிருந்த சந்தில் நின்றபோது உச்சி வெயில். அப்துல் அலீம் பெட்டிகளை இறக்கிவிட்டு, தான் பிறந்த வீட்டின் கதவைத் தட்டினான்.

அக்கா பக்ருன்னிசா திறந்தாள். அவள் இடுப்பில் அவனுடைய மகள். முதல் முறையாகப் பார்க்கிறான்.

"சபுரா, யாரு வந்துருக்கா பாரு. ஒன் அத்தாடி. அத்தாட்ட போ."

குழந்தை அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அவன் மனைவி அமீருன்னிசா பிரசவத்தில் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் வேலை பார்த்த துபாய்க்குத் தந்தி போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. ஒப்பந்தம் முடியாமல் கிளம்ப வழியில்லை. இப்போது வந்தவனைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்து அழுதார்கள். அவன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த வாரமே பாத்ரூமை இடித்துக் கட்ட ஆள் பிடித்தான். அமீருன்னிசா அவனிடம் கேட்டிருந்த ஒரே பொருள் அது. பழைய குளியலறை கரி பிடித்த சுவரும் தகரக் கதவும் வெந்நீர் அண்டாவுமாக இருண்டு கிடந்தது. கல் தரையில் பாசி. வெளிர் நீல டைல்ஸ் வேண்டும், நின்று குளிக்க ஷவர் வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். கேட்க ஆள் இல்லாத பிறகு அவன் அதைச் செய்தான்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் மலைச்சாமி வாய் ஓயாமல் பேசுகிறவர்.

"ஏன் பாய், ஒட்டகத்தோட குளிச்சுட்டு வந்தீகளா? வாளி இனிமே ஆகாதா?"

அலீம் சிரிக்கவில்லை. "சீக்கிரம் முடிங்கண்ணே."

"முடிச்சுருவோம். மாப்ளைக்கு மறு கல்யாணம்னா சொல்லுங்க, ஜோடியா ரெண்டு ஷவர் வச்சுருவோம்." சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார். சட்டென்று கரண்டியை எடுத்துச் சுவரைப் பூச ஆரம்பித்தார்.

வேலை நடந்த நாட்களில் பக்ருன்னிசா கொல்லைப் பக்கம் வரவே இல்லை. வெளி ஆண்கள் இருக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் உள்ளறைத் திரையைத் தாண்டுவதில்லை. குழந்தையோடு அங்கேயே இருந்தாள். ஆட்கள் கணக்குத் தீர்த்துப் போன பிறகுதான் வெளியே வந்தாள். நீல டைல்ஸைத் தடவிப் பார்த்தாள். குழாயைத் திருகிப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"தண்ணி போற குழிய எங்கடா வெட்டுனாக?"

"இந்தா, செவத்தோரம். இங்கதான் மண்ணு பொலபொலன்னு இருந்துச்சுன்னு மலைச்சாமி சொன்னாரு. கடப்பாரைக்கே வேலையில்லையாம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மய்யித்தை, இறந்தவர் உடலைக் குளிப்பாட்டிய தண்ணீர் சாக்கடையில் கலக்கக் கூடாது, ஒருவர் காலிலும் படக் கூடாது என்று கொல்லையில் குழி வெட்டி அதில் இறக்கி மூடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அமீருன்னிசாவைக் குளிப்பாட்டியது பக்ருன்னிசா. மூடிய இடம் அவளுக்குத் தெரியும். ஊரில் இல்லாத அலீமுக்குத் தெரியாது. மலைச்சாமிக்குத் தெரிய வழியே இல்லை. அக்கா இப்போதுதான் சொன்னாள்.

"மண்ணுதானக்கா," என்றான் அலீம்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. மாடித் தொட்டி வெயிலில் சூடேறியிருக்கும் என்று அவன் நினைத்தான். பொழுது விடிந்து வெயிலே ஏறாத நேரம் அது என்பது குளித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அதற்கடுத்த நாள், யாரும் குளிக்காத பாத்ரூமின் தரையில் வலது பாதி மட்டும் நனைந்திருந்தது. நடுவில் கோடு கிழித்தது போல ஈரம் நின்றிருந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது இடது பாதியும் நனைந்திருந்தது.

கற்பூர வாசனை அடித்தது.

"மொதல்ல வலப்பக்கம் ஊத்தணும்," என்றாள் அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல. "பெறகு எடப்பக்கம். அப்புடித்தான் ஊத்துனேன். கடைசித் தண்ணியில கற்பூரம்."

அலீம் ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்தான். பயமாக இல்லை. எதுவுமாகவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது சபுரா முற்றத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை ஈரம். மேலெல்லாம் கற்பூர வாசனை.

"குளிப்பாட்டிட்டியாக்கா?"

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "நானா? உலை வச்சுட்டு இப்பத்தானே திரும்புறேன்."

குழந்தையின் இரண்டு காதுகளிலும் பஞ்சு வைத்திருந்தது.

பக்ருன்னிசா ஓடிவந்து அதைப் பிடுங்கி எறிந்தாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பெத்த பிள்ளைய அவ கையில வாங்கல அலீமு. ஒரு நாள் குளிப்பாட்டல. அவளுக்குத் தெரிஞ்ச குளியல் நான் பண்ணிவிட்டது மட்டுந்தான்."

எறிந்த பஞ்சைப் பார்த்தாள்.

"அடுத்து மூக்குல வைப்பாடா."

அலீம் முதல் முறையாகக் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் மார்பில் சேர்த்துக்கொண்டான்.

அன்று மாலையே மலைச்சாமி வந்தார். புதிதாகப் பதித்த குழாயை உடைக்கச் சொன்னதும் விழித்தார். காரணத்தைக் கேட்ட பிறகு உடைத்தார். குழியில் மண்ணைத் தள்ளி மூடினார். "தெரியாமத் தொட்டுட்டேன் தாயி," என்று மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கூலி வாங்காமல் போனார். அலீம் வீட்டைப் பூட்டினான். செல்லூரில் மாமா சுலைமானின் வீட்டு மாடியில் அக்காவையும் குழந்தையையும் குடிவைத்தான். கீழே பகல் முழுக்கத் தறிகள் இரைந்தன. குழந்தையைத் தெருக்குழாய்த் தண்ணீரில், நாலு பேர் பார்க்கக் குளிப்பாட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. லீவு முடிந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம் என்று அவனுக்குத் தைரியம் வந்தது.

கிளம்பும் நாள் மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. தெருவில் ரிக்‌ஷாக்காரன் மணி அடித்தான்.

"போயிட்டு வாரேன்க்கா."

"பிள்ளையப் பாத்துட்டுப் போ. இப்பத்தான் தொட்டில்ல போட்டேன்."

அவன் சேலைத் தொட்டிலை விலக்கினான். சபுரா நேராக, மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. நெற்றியில் முத்தமிட்டான். சேலை மடிப்புக்குள் பாதங்கள் அசையாமல் ஒட்டிக் கிடந்தன. துணியை ஒதுக்கினான்.

இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது.

அலீம் தரையில் உட்கார்ந்தான். கீழே மணி திரும்பத் திரும்ப அடித்தது. அவன் அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

முடிச்சு இன்னும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.